ரயில்வே கேட்டைத் தாண்டிய புடலங்காய்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் மற்ற தெருக்காரர்கள் நிழலைத் தேடி வீட்டுக்குள் போவார்கள், மில் காலனிக்காரர்களான நாங்கள் வீட்டுக்குப் பின்னால் போவோம். ஏனென்றால் எங்கள் கொல்லைகளுக்கு அதுதான் நல்ல காலம். தை மாதம் ஊன்றிய விதையெல்லாம் அப்போதுதான் வாய் திறக்கும். காலையில் பறித்த இடத்திலேயே சாயங்காலம் இன்னொரு வெண்டைக்காய் விரல் நீட்டிக்கொண்டு நிற்கும். கொத்தவரை கொத்துக்கொத்தாய்ப் பிடிக்கும். தண்டுக்கீரை இடுப்பு உயரத்துக்கு வந்து, பறிக்காவிட்டால் முற்றிவிடுவேன் என்று மிரட்டும். பாகற்கொடி கிணற்றுச் சுவரிலும், மல்லிகை துணி காயப்போடுகிற கம்பியிலும் ஏறும். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும் என்பதால் அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் செடிக்குத்தான் போகும். எந்த வீட்டில் எது மிஞ்சினாலும் அடுத்த வீட்டுச் சுவர்மேல் வந்து உட்கார்ந்துவிடும், யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் காலனியில் கடைசி வீடு முப்பிடாதியினுடையது. நூற்பாலையில் சாயப் பிரிவில் வேலை பார்த்து, ஆலை மூடியபோது வீட்டுக்கு வந்தவள். புருஷன் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் காளிராஜ், லோடு ஆட்டோ ஓட்டியவன், கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாமல் நாற்கரச் சாலையில் லாரி மோதி இறந்துபோனான். அவன் பெண்டாட்டி சங்கரகோமதி பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. போகிறாயா என்று முப்பிடாதி கேட்கவுமில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில், ஒருவர் அழுதால் மற்றவர் கொல்லைக்குப் போய்க் களை பிடுங்குவதும், இவர் வந்ததும் அவர் போய்த் தண்ணீர் ஊற்றுவதுமாக இருந்தார்கள். எங்கள் காலனியிலேயே செழித்த கொல்லை அதுதான். அழுகைக்கு நடுவே அவ்வளவு வேலை நடந்திருந்தது.

பிறகு ஒருநாள் கோமதி, "அத்தை, பேட்டரி கடையில இருக்கிற தர்மர் என்னைக் கட்டிக்கிடறேன்னு கேக்கார். எனக்கும் சம்மதம்தான். ஒங்ககிட்டச் சொல்லாமப் போகக்கூடாது" என்று சொன்னாள். முப்பிடாதி அன்று முழுக்கக் கொல்லையில் களை பிடுங்கினாள். கோமதி ஒரு பையோடு வாசலில் இறங்கியபோதுதான், எதிர்வீடு பக்கத்துவீடு எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, முப்பிடாதி அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"போ. எம்பிள்ளை செத்தது ஒனக்குத் தோதாப் போச்சு."

கோமதி திரும்பிப் பார்த்தாள், போய்விட்டாள். அவள் போனது ஒன்றும் தூரதேசமில்லை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரைத் தெரு. நடந்தால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடலாம். ஆனால் அதற்குப் பிறகு முப்பிடாதி கேட்டைத் தாண்டவில்லை. சந்தை, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை எல்லாம் இந்தப் பக்கமே இருப்பது எவ்வளவு வசதி என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்த வருஷப் பங்குனியில் அவள் பந்தலில் முதல் புடலங்காய் இறங்கியது. நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூவுக்குக் கீழே, சுண்டுவிரல் அளவில், வரி ஓடிய சாதாரணப் பிஞ்சு. எல்லோரும் செய்வதுபோல, வளையாமல் நேராக வளரட்டும் என்று நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். காய் கல்லோடு தரையைத் தொட்டது. வழக்கமாக அங்கே நின்றுவிடும். இது நிற்கவில்லை. கல்லை இழுத்துக்கொண்டு தண்டுக்கீரைப் பாத்தியைச் சுற்றி, துவைக்கிற கல்லுக்குக் கீழே நுழைந்து, மறுநாள் காலையில் சுற்றுச்சுவர்மேல் தலையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி கிடந்தது.

பக்கத்து வீட்டு லூர்துமேரி டீச்சர்தான் முதலில் பார்த்தார்.

"அக்கா, ஒங்க புடலை சுவர் ஏறிட்டுதே, பறிக்கலையா?"

"இன்னும் பிஞ்சாத்தான் இருக்கு டீச்சர். நகம் இறங்குது பாருங்க."

டீச்சர் நகத்தால் கிள்ளிப் பார்த்தார். பிஞ்சுதான். பிஞ்சைப் பறிப்பது பாவம் என்பதால் இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அதற்கு மறுநாள் அது தெருவில் இறங்கியது. மூன்றாவது வீட்டுக்காரர் கதவைத் திறந்தபோது வாசலுக்குக் குறுக்கே கிடந்தது, அவர் தாண்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். ஆட்டோக்காரர்கள் சக்கரம் ஏறிவிடுமே என்று முதலில் சத்தம் போட்டார்கள், பிறகு அவர்களே சவுக்குக் கம்பும் தேங்காய்நார்க் கயிறும் கொண்டுவந்து நட்டு, ஆள் உயரத்துக்குமேல் அதைத் தூக்கிக் கட்டினார்கள். கட்டின இடத்தைப் பார்த்து, தனக்காகத்தான் கட்டுகிறார்கள் என்று தெரிந்ததுபோல, காய் அடுத்த கம்பம் வரைக்கும் கேட்டுக்கேட்டு வளர்ந்தது. கொடியும் சும்மா இருக்கவில்லை, காய் போன வழியெல்லாம் பின்னாலேயே இலையை விரித்துக்கொண்டு வந்தது. ஒரு வாரத்துக்குள் மில் காலனியிலிருந்து கடைவீதிவரை தெரு நடுவே ஒரு நீளப் பந்தல் எழும்பிவிட்டது. சித்திரை வெயிலில் அந்தத் தெருவில் மட்டும் நடக்கிறவர்களின் தலை சுடவில்லை.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். நாய்கள் முதலில் பழகின, பந்தலுக்குக் கீழே வரிசையாகப் படுத்தன. பிறகு பேப்பர் படிக்கிறவர்கள் நாற்காலியோடு வந்தார்கள். பூக்காரியும் இளநீர்க்காரரும் இடம் மாறினார்கள். மினி பஸ் வேறு தெரு வழியாகப் போயிற்று, அந்தத் தெருக்காரர்கள் பஸ் வந்ததில் சந்தோஷப்பட்டார்கள், பந்தல் வராததில் வருத்தப்பட்டார்கள். வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து இலையைத் திருப்பிப் பார்த்து, பூச்சி இல்லை, நல்ல ரகம், வேப்பம்புண்ணாக்கு வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைவீதியில் யாரோ விடியலில் ஒரு துண்டு அறுத்துப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தார்கள். வெட்டிய இடம் உச்சிப்பொழுதுக்குள் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு எல்லா வீட்டிலும் அறுத்தார்கள். ருசி எல்லாப் புடலங்காயையும் போலத்தான், உப்பு கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அம்மன் கோவில் சப்பரம் வந்தபோது இளவட்டங்கள் கவைக்கம்பால் காயை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தார்கள். அம்மன் அதன் அடியில் போகும்போது பூசாரி காய்க்கும் சேர்த்துச் சூடம் காட்டினார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

எங்கள் வார்டு கவுன்சிலர் பவுன்ராஜுக்குத்தான் தொல்லை. பந்தல் போகாத தெருக்காரர்கள் கூட்டமாக வந்து, எங்கள் வழியாகவும் திருப்பி விடுங்கள் என்றார்கள்.

"அது நகராட்சிக் குழாயா, திருப்பி விடறதுக்கு? முப்பிடாதி மதினி வீட்டுக் காய். அவங்ககிட்டக் கேளுங்க."

"அவங்க, எனக்குத் தெரியாதுங்காங்களே."

"அப்ப காய்கிட்டக் கேளுங்க" என்றார் பவுன்ராஜ்.

காய் எங்கே போகிறது என்று எங்களுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்தோம். கடைவீதி முடிகிற இடத்தில் வலதுபக்கம் பஸ் நிலையம், இடதுபக்கம் கோவில், நேராக ரயில்வே கேட். அது வலதும் திரும்பவில்லை, இடதும் திரும்பவில்லை. அன்று சாயங்காலம் பால் வாங்குகிற இடத்தில் யாரோ ஒருத்தி, "கோமதியத் தேடித்தான் போகுது" என்றாள். அந்தப் பேச்சு காய் வளர்வதைவிட வேகமாக வளர்ந்து, விளக்கு வைப்பதற்குள் முப்பிடாதியின் வாசலுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை முப்பிடாதி கடைவீதிக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் பார்க்க, கம்பத்திலிருந்து நுனியை அவிழ்த்து, குழந்தையின் தலையைத் திருப்புவதுபோல மெதுவாகத் திருப்பி, பஸ் நிலையத்தைப் பார்க்கக் கட்டினாள்.

"காய்க்கு என்ன தெரியும்? நாமதான் கட்டணும்" என்றாள், யாரும் கேட்காமலே.

மறுநாள் அது கயிற்றிலிருந்து நழுவி, மறுபடி கேட்டைப் பார்த்துக் கிடந்தது. அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை திருப்பவில்லை. நுனியை உள்ளங்கையில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். அதில் இன்னும் அவள் கட்டிய கல் தொங்கிக்கொண்டிருந்தது, கயிறு காயில் பதிந்து தடம் விழுந்திருந்தது. கல்லை அவிழ்த்துக் கீழே போட்டாள். தடம் விழுந்த இடத்தைப் பெருவிரலால் தடவிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரயில் தண்டவாளத்தை அது எப்படித் தாண்டும் என்று ஊரே கவலைப்பட்டது. தாண்டியது. காலை பாசஞ்சர் போனதற்கும் மதியம் எக்ஸ்பிரஸ் வருவதற்கும் நடுவில், தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லிக்கல் இடைவெளியில் புகுந்து, அந்தப் பக்கம் கொஞ்சம் எண்ணெய்க் கறையோடு தலையைத் தூக்கியது. கேட்கீப்பர் ஈரத்துணியால் கறையைத் துடைத்துவிட்டார். மதியம் வந்த ரயில் அந்த இடத்தில் மட்டும் மெதுவாகப் போனது, ஜன்னலோரம் இருந்தவர்கள் கையை வெளியே நீட்டி இலையைத் தொட்டார்கள்.

அன்றிலிருந்து முப்பிடாதி மாறிப்போனாள். காலையில் வேருக்குத் தண்ணீர் ஊற்றுவாள், பிறகு காயோடு கூடவே நடந்து கேட்வரை வந்து, சாத்தியிருக்கிற கேட்டுக்கு முன்னால் ரயிலுக்குக் காத்திருப்பவள்போல நிற்பாள். கேட் திறந்த பிறகும் நிற்பாள். வெளியூர் போகிறபோது கட்டுகிற ஊதாச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டதை நாங்கள் பார்த்தோம். வெண்டைக்குப் பாத்தி கட்டும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்ததை டீச்சர் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"என்னக்கா, யார்கூடப் பேசுறீங்க?"

முப்பிடாதி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். "காய் வந்துச்சு, பின்னாலயே நானும் வந்தேன். இப்படிச் சொன்னாச் சரியா இருக்குமா டீச்சர்?"

"அது போதுமாக்கா?"

"அவ்வளவு தூரம் வந்து நின்னா, வேற சொல்லணுமா என்ன? அதுவே சொல்லுமே."

டீச்சர் பதில் சொல்லவில்லை. அன்று அந்த வார்த்தை தெருவில் விழுந்தபோது அவரும் தன் வாசலில்தான் நின்றிருந்தார், அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

கண்மாய்க்கரைத் தெருவில் கோமதியும் காத்திருந்தாள் என்பது எங்களுக்கு அங்கே இருக்கிறவர்கள் சொல்லித் தெரியும். அவள் வீட்டில் கொல்லை கிடையாது. மாடிப்படியிலும் கைப்பிடிச் சுவரிலும் பெயிண்ட் டப்பாக்களில் மண் போட்டுக் கத்தரியும் மிளகாயும் அவரையும் வைத்திருந்தாள், எல்லாம் காய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன. காய் தெருமுனைக்கு வந்த அன்று அவள் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கோலத்தைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டாள், நடுவில் ஏதோ வந்து படுத்துக்கொள்ள இடம் விட்டதுபோல. தர்மர் கடைக்குப் போகாமல் நான்கு சவுக்குக் கம்புகளைக் கொண்டுவந்து வாசலில் சாத்தி வைத்துவிட்டு, பிறகு எதற்கும் தான் இல்லாமலிருப்பது நல்லது என்று கடைக்கே போய்விட்டார்.

மறுநாள் காலை ஊரே கண்மாய்க்கரைத் தெருவில் இருந்தது. பவுன்ராஜ் வந்திருந்தார். டீச்சர் வந்திருந்தார். இளநீர்க்காரர் வண்டியோடு வந்துவிட்டார். முப்பிடாதி ஊதாச் சேலை கட்டி, தலையை அழுந்த வாரி, கேட்டைத் தாண்டி வந்தாள். அத்தனை காலம் தாண்டாத கேட்டை அவள் தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் காயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காய் கோமதியின் வாசலில் இல்லை.

விடியலுக்குள் அது அவள் வீட்டைக் கடந்து, கோலத்தைக்கூடத் தொடாமல், தெருவின் எதிர் ஓரமாகவே போய், தெரு முடிகிற இடத்தில் கரையேறி, கண்மாய்க்குள் இறங்கிவிட்டிருந்தது. கோடையில் சுருங்கிப்போன கண்மாயின் நடுவில் குட்டைபோல மிஞ்சியிருந்த தண்ணீரில் அது நுனியை நனைத்துக்கொண்டு கிடந்தது. மேலே ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. காயின் நுனிப்பக்கம் லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்ததை நாங்கள் பார்த்தோம். இனி அது வளராது, பழுக்கும். புடலை வைத்த எல்லோருக்கும் அது தெரியும்.

ஊர்ப் பணத்தில் நடந்த நாடகத்தில் கடைசிக் காட்சி வராமல் திரை விழுந்ததுபோல இருந்தது எங்களுக்கு. "தண்ணியத் தேடித்தான் வந்திருக்கு. கொடின்னா அப்படித்தானே" என்றார் இளநீர்க்காரர். அவர்மேல் எல்லோருக்கும் கோபம் வந்தது. ஒவ்வொருவராகக் கலையத் தொடங்கினார்கள்.

முப்பிடாதி கோமதி வீட்டுக்கு எதிரே நின்றாள். சொல்ல வைத்திருந்த வார்த்தை இப்போது செல்லாது. காய் வந்தது, பின்னாலேயே வந்தேன் என்று சொல்வதற்குக் காய் வரவில்லை. பேசாமல் கண்மாய்ப் பக்கம் நடந்திருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள், காயைப் பார்க்க வந்தவர்களில் அவளும் ஒருத்தி. அவள் ஒரு தடவை அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்ததைக்கூட நாங்கள் பார்த்தோம். பிறகு திரும்பி, தெருவைக் கடந்து, கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போய், கதவைத் தட்டினாள்.

கதவு திறந்துதான் இருந்தது. நிலைப்படிக்கு உள்ளே கோமதி நின்றிருந்தாள்.

"காய் போயிருச்சு அத்தை" என்றாள் கோமதி.

"பாத்தேன்."

"நிக்கலை."

"அது நிக்காட்டிப் போகட்டும். நான் ஒங்கிட்ட வந்தேன்." முப்பிடாதி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். எம்பிள்ளை செத்ததுல எனக்கு எவ்வளவு போச்சோ அவ்வளவு ஒனக்கும் போச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன். நீயும் போயிட்டா அந்த வீட்ல அவனப் பத்திப் பேச ஆளில்லைன்னு பயந்து சொன்னேன். அது தப்பு. தெருவுல வச்சுச் சொன்னேன், அதான் தெருவுல வச்சே சொல்றேன்."

போகத் தொடங்கியிருந்தவர்கள் நின்றார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

கோமதி கோலத்துக்குப் பக்கத்தில் விட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்தக் காய் இங்க வந்து நின்னா ஒங்கள மன்னிச்சிரலாம்னு நெனச்சிருந்தேன் அத்தை. அது முடிவு பண்ணட்டும்னு விட்டிருந்தேன். இப்ப அது போயிருச்சு. நானாத்தான் யோசிக்கணும்" என்றாள்.

"யோசி" என்றாள் முப்பிடாதி. "நான் நிக்கேன்."

கோமதி உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. முப்பிடாதி வாசலிலேயே நின்றாள். பந்தல் எதிர் ஓரத்தில் போயிருந்ததால் அங்கே நிழல் இல்லை, வெயில் ஏறிக்கொண்டே வந்தது. இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள் மதினி என்று பவுன்ராஜ் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்பது நியாயமில்லை என்று எங்களுக்குத் தோன்றியது. கூட்டத்தில் பாதிப்பேர் அன்றைக்கு மில் காலனி வாசல்களில் நின்று வேடிக்கை பார்த்த அதே ஆட்கள்தான். ஒவ்வொருவராகத் திரும்பி நின்றோம், தெரு முழுக்க ஜனம் அந்த வீட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு, கண்மாயையும் மீன்கொத்தியையும் பார்ப்பதுபோல நின்றது. அதனால் நடந்ததை நாங்கள் காதால்தான் அறிவோம்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தாளிக்கிற வாசனை வந்தது. பிறகு மெட்டிச் சத்தம் வாசல்வரை வந்து நின்றது.

"மன்னிச்சேனா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியலை அத்தை" என்றது கோமதியின் குரல். "ஆனா சோறு வடிச்சாச்சு. உள்ள வாங்க, கால் சுடும்."